வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் கூட்டத்தில் விட்டுப்போன சில கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிப்ட் பராமரிப்பு, பெயிண்டிங் கொட்டேஷன் எல்லாம் முடிந்து, காபியும் வந்துவிட்ட பிறகு பேச வருகிறவனுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். செயலாளர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முடிந்தவரை அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் பைலட் இல்லை. விமான நிலையத்தில் வேலை பார்த்தவனும் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் விமானத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நம் குடியிருப்பில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கோ நாளைக்கோ நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கேள்வி எழும்: "அவன் எத்தனை மணிக்கு வந்து சேருவான்?" அந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் தப்பான பதில் சொன்னேன். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் அண்ணன் வில்லிவாக்கத்தில் தவறினார். செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றே முக்கால் மணி. அவருடைய ஒரே பெண் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறாள். தகவல் சொன்னபோது அங்கே அதிகாலை இரண்டே கால் தாண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "சித்தப்பா, காலையில எட்டு மணி பிளைட்ல டிக்கெட் கிடைச்சிருக்கு. வந்துடறேன்" என்றாள்.

வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கணக்கு என்றால் எங்கள் குடும்பத்தில் நான்தான். கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் பக்கம் ஒன்றைப் பார்த்தேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 3 மணி 40 நிமிடம் என்று இருந்தது. ஒரு காகிதத்தில் எழுதினேன். எட்டு மணியோடு 3.40 கூட்டினால் 11.40. அது சிங்கப்பூர் நேரம். இரண்டரை மணி நேரம் கழித்தால் நம் நேரம் 9.10. வீட்டுக்கு வர ஒரு மணி நேரம். ஆக 10.10. "பத்தரைக்குள்ள வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம். அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பேச்சு. ஒன்றரைக்கு மேல் எடுக்கலாமே என்று இன்னொரு பேச்சு. இரண்டாவதைச் சொன்னவர் எங்கள் பெரிய மாமா. "வேண்டாம் மாமா, பொண்ணு பத்தரைக்கே வந்துடும்" என்று சொன்னவன் நான். மின் மயானத்தில் பன்னிரண்டே காலுக்கு நேரம் வாங்கினோம்.

பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது: "இமிகிரேஷன் முடியப்போகுது சித்தப்பா." பதினொன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பிவிட்டது. அடுத்து வேறொரு குடும்பத்துக்கு நேரம் கொடுத்திருந்ததால் மயானத்தில் காத்திருக்க வழியில்லை. அப்போதுதான் அவள் டாக்சி கத்திப்பாராவைத் தாண்டியிருந்தது. நேரே மயானத்துக்கு வரச் சொன்னேன். அவள் வந்து இறங்கியபோது மணி 12.35. கதவு மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வங்கியில் கணக்கு உதைத்தால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக டிக் போட்டுப் பார்ப்போம். அதையே செய்தேன். நான் சொன்னது 10.10. நடந்தது 12.35. வித்தியாசம் 145 நிமிடம்.

முதல் 40 நிமிடம், விமானம் கிளம்பியதே தாமதம். எட்டு மணி விமானம் எட்டு நாற்பதுக்குத்தான் நகர்ந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கலாம்.

அடுத்த 40 நிமிடம்தான் இன்றைய பேச்சின் முக்கியமான விஷயம். அந்தப் பக்கம் 3 மணி 40 நிமிடம் என்றது. உண்மையில் ஆனது 4 மணி 20 நிமிடம். பக்கம் பொய் சொல்லவில்லை. 2,900 சொச்சம் கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்துச் சொன்னது, அவ்வளவுதான். அந்தத் தூரம் உலக உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்து அளந்த தூரம். விமானம் அப்படிப் போவதில்லை. வாயிலிலிருந்து பின்னால் தள்ளி, மெதுவாக ஊர்ந்து, ஓடுபாதை முனையில் வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் கிளம்புகிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாக எழும்ப வேண்டும் என்பதால், போக வேண்டிய திசைக்கு நேர் மாறாகக் கிளம்பி அரைவட்டம் அடிப்பதும் உண்டு. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. வானத்திலும் குறித்துவைத்த பாதைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். இறங்கும் ஊரிலும் முன்னால் நாலு விமானம் இருந்தால் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். இறங்கிய பிறகு திரும்ப ஊர்ந்து வாயிலுக்கு வர வேண்டும்.

விமானக் கம்பெனிகளுக்கு இது தெரியும். அதனால் டிக்கெட்டில் அவர்கள் போடும் நேரம், வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் வாயிலில் வந்து நிற்கும் வரை. இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். அண்ணன் மகளின் டிக்கெட்டில் சென்னை வந்து சேரும் நேரம் 9.50 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் அதைக் கேட்கவேயில்லை. கையில் பாஸ்புக் இருக்கும்போது வட்டியை மனக்கணக்காகப் போட்டவன் மாதிரி நடந்துகொண்டேன்.

அடுத்த 60 நிமிடம் குடியுரிமைச் சோதனை, பிறகு வெளியே வந்து வண்டி பிடித்தது. இதற்கு நான் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. விமானம் தரையில் இறங்கினால் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்துவிட்டேன். கடைசி 5 நிமிடம் சாலையில். அறுபது என்று போட்டேன், அறுபத்தைந்து ஆனது. எனக்குத் தெரிந்த சாலை என்பதால் அந்த ஒரு வரிதான் ஏறக்குறைய சரியாக இருந்தது.

40, 40, 60, 5. கூட்டினால் 145. கணக்கு டேலி ஆகிவிட்டது.

பழைய நாளில் வெளியூர்ச் செக் போட்டவர்களுக்கு இது புரியும். செக்கைக் கொடுத்த தேதி வேறு, பணம் கணக்கில் ஏறும் தேதி வேறு. "மதுரை என்ன, ராத்திரி ரயிலேறினா காலையில வந்துடலாமே, செக்குக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?" என்று கவுண்டரில் சண்டை போடுவார்கள். தூரத்துக்கும் பணம் வரும் நாளுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்று நானே எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். என் வீட்டு விஷயத்தில் எனக்கே அது தோன்றவில்லை.

தூரம் ஒன்றாக இருந்தால் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். மேற்கே துபாயும் சுமார் 2,900 கிலோமீட்டர். நடுவில் தராசு முள் மாதிரி நம் மீனம்பாக்கம். இப்போது டிக்கெட்டைப் பாருங்கள். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் துபாயில் பகல் 12.50 வாக்கில் இறங்குவதாகப் போட்டிருக்கும். 'மூன்று மணி நேரம்கூட இல்லையே' என்று தோன்றும். திரும்பி வரும்போது, அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பினால் இங்கே பிற்பகல் 3.30. 'ஐந்தரை மணி நேரமா?' என்று தோன்றும். இரண்டும் தப்பு. துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். போக ஆவது 4 மணி 20 நிமிடம்; வர ஆவது 4 மணி.

இதற்கு ஒரே விதிதான். டாலரையும் ரூபாயையும் ஒரே பத்தியில் வைத்துக் கூட்டக்கூடாது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் அந்த ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இந்த ஊர்க் கணக்கு. இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதிவிட்டு, பிறகு கழியுங்கள். சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரம் கழிக்க வேண்டும். துபாய் என்றால் ஒன்றரை கூட்ட வேண்டும். இந்த இரண்டு ஊரிலும் வருடம் முழுக்க ஒரே கணக்கு. லண்டனில் அப்படி இல்லை. அவர்கள் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணி நேரம் நமக்குப் பின்னால். சான் பிரான்சிஸ்கோ கோடையில் பன்னிரண்டரை, குளிரில் பதின்மூன்றரை.

இந்தக் கால், அரை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று என் பேரன் கேட்டான். ஒரு காலத்தில் நம் ஊருக்கே தனி நேரம் இருந்தது. மதராஸ் வானாய்வகத்தில் இருந்த கோல்டிங்காம் 1802-இல் கணக்கிட்டது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். ரயில்கள் வெகுகாலம் மதராஸ் நேரப்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்தியா முழுவதற்கும் ஐந்தரை மணி நேரம் என்று ஆனது. சிங்கப்பூரோ, சூரியனைப் பார்த்தால் கிரீன்விச்சிலிருந்து ஏழு மணி நேரத்தில் இருக்க வேண்டிய ஊர். மலேசியாவை ஒட்டி 1982 முதல் எட்டு மணி நேரக் கணக்குக்குப் போய்விட்டது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது. மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

சரி, துபாய் போகும்போது 4.20, வரும்போது 4 மணி, ஏன்? 'பூமி சுற்றுகிறது, அதனால்' என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. உண்மைக் காரணம் மேலே வீசும் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஒரு காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் போகும். எதிர்நீச்சல் போட்டால் நேரம் அதிகம். கூடப் போனால் குறைவு. நம் தென்னிந்தியாவுக்கு மேலே தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இதற்கு நேர்மாறாக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. அதைப் பற்றி 1950-களில் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம்.

இந்தக் காற்று எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் விட்டது. முதலில் மேற்கே, அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பாதையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாகப் போனார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் அதிகம். ஆனால் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து, பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. சுற்று வழி, சீக்கிரம் ஊர்.

அதேபோல, தேசப்படத்தில் பார்த்தால் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வழி கடல் தாண்டிப் போவது மாதிரி இருக்கும். ஒரு உருண்டையை எடுத்து நூல் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்துக்குப் பக்கத்தில் போகும். நூலில் அளந்தால் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த முதல் நேரடி விமானம் அங்கிருந்து துருவத்தின் மேலாகத்தான் பெங்களூர் வந்தது.

காற்று மட்டுமில்லை, அரசியலும் நேரத்தை மாற்றும். 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடினார்கள். டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிற விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. இரண்டு விமான நிலையமும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நூல் பிடித்த தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. நேரம் மட்டும் கூடிவிட்டது.

இனி நமக்கு வேண்டியதற்கு வருகிறேன். ஐந்து விஷயம்தான்.

ஒன்று. தூரத்தை மறந்துவிடுங்கள். டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அது இறங்கும் ஊரின் நேரம். அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம்.

இரண்டு. அதோடு மூன்று மணி நேரம் கூட்டுங்கள். குடியுரிமைச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்று, சாலைக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று. தாமதம் ஆகவில்லை என்றால் நல்லது, முன்னாலேயே வந்துவிடுவார்கள். யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று. நடுவில் விமானம் மாறி வருகிறவர்களுக்கு, தாமதம் இரண்டு இடத்தில் ஆகலாம். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் இரண்டாவது கைவிட்டுப் போகலாம். அடுத்தது பன்னிரண்டு மணி நேரம் கழித்து இருக்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து மாறி வர ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும். டிக்கெட் தேடுவது, அங்கே வீட்டிலிருந்து விமான நிலையம் போவது எல்லாம் சேர்த்தால், போன் பேசிய நேரத்திலிருந்து ஒன்றரை நாள் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டாவது விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று செய்தி வரும் வரை எந்த நேரத்தையும் யாருக்கும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

நான்கு. நாமே பயணம் போகும்போது. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. 15-ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நம் குடியிருப்பிலேயே ஒருவர் 15-ஆம் தேதி ராத்திரி மாலை மரியாதையோடு கிளம்பிப் போய்த் திரும்பி வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து. இன்சுலின் போடுகிறவர்கள், நேரம் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள். உடம்புக்குத் தெரிவது போன மணி நேரம்தான், சுவர்க் கடிகாரம் இல்லை. கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போது "துபாய்க்கு மூணு மணி நேரம்" என்று சொல்லாதீர்கள். இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக் கழித்து, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து போய்ச் சேரும் வரை மொத்தம் இத்தனை மணி என்று சொல்லுங்கள். அவர் அதை வைத்துத்தான் வேளை மாற்றிக் கொடுப்பார்.

இதையெல்லாம் ஒரு பக்கத் தாளாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். செக்யூரிட்டி மேஜையிலும் நோட்டீஸ் போர்டிலும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். துக்க வீட்டில் யாருக்கும் கணக்கு ஓடாது. அந்த நேரத்தில் பக்கத்து பிளாட்காரர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, "ஒன்றரைக்கு மேல வெச்சுக்கலாம் சார், அவசரப்பட வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். நான்தான் கேட்கவில்லை.

அண்ணன் மகள் ஒவ்வொரு வருடமும் திதிக்கு வருகிறாள். கிளம்புமுன் டிக்கெட்டை எனக்கு அனுப்பிவிடுவாள். "சித்தப்பா, நீங்களே டைம் போடுங்க" என்று எழுதுவாள். போன முறை டிக்கெட்டில் 9.50. மூன்று மணி நேரம் கூட்டி 12.50 என்று எழுதி, அவள் வந்த பிறகுதான் ஐயரை ஆரம்பிக்கச் சொல்வேன் என்றும் எழுதினேன். பதினொன்றே முக்காலுக்கே வந்து நின்றாள். உட்கார்ந்து நிதானமாக ஒரு டம்ளர் காபி குடித்தாள். அதற்கெல்லாம் நேரம் இருந்தது.